பார்த்துக்கொண்டே இருந்தால் அணு சிதையாதா?

பொங்கோல்வாசி, 9 பிப்ரவரி 2025, பிற்பகல் 3.12

மகள் தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறாள், இரண்டாம் ஆண்டு. ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, குவாண்டம் பொருளை விடாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் அது மாறவே மாறாது என்று அடித்துச் சொல்கிறாள். அப்படியானால் அணு உலைக் கழிவைச் சுற்றி நாலு கேமராவை மாட்டிவிட்டால் கதிர்வீச்சு நின்றுவிடுமே, ஏன் எந்த நாடும் செய்யவில்லை? இது சுத்தக் கதை என்பது என் கட்சி. குவாண்டத்தில் எல்லாமே தற்செயல், இந்த நொடி இங்கே, அடுத்த நொடி அங்கே. தற்செயலுக்கு எதற்குச் சமன்பாடு?

உட்லண்ட்ஸ் இரவுப்பணி, 9 பிப்ரவரி, மாலை 6.05

மகள் சொன்னது கதை இல்லை. 1990-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இட்டானோ, ஹைன்சன், போலிங்கர், வைன்லண்ட் நால்வரும் செய்தே காட்டிவிட்டார்கள். மின்காந்தப் பொறிக்குள் சுமார் 5000 பெரிலியம் அயனிகள். ரேடியோ அலையைப் போட்டால் அயனி ஓர் ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல நழுவி, 256 மில்லிவிநாடியில் முழுசாக மறுபக்கம் போய்ச் சேரும். இடையில் லேசரைப் பளிச் பளிச்சென்று அடித்து, "இன்னும் இங்கேதானா?" என்று விசாரித்தார்கள். ஒரு தடவையிலிருந்து 64 தடவை வரை விசாரித்துப் பார்த்தார்கள். விசாரிக்க விசாரிக்க நழுவல் குறைந்தது. 64 தடவை விசாரித்தபோது அநேகமாக எல்லாம் கிளம்பிய இடத்திலேயே நின்றன.

ஆனால் கேமரா வேலைக்கு ஆகாது. ஷிஃப்டுக்குப் பேருந்து வந்துவிட்டது, காலையில் எழுதுகிறேன்.

உட்லண்ட்ஸ் இரவுப்பணி, 10 பிப்ரவரி, காலை 9.20

கோப்பி ஓ கையில், தூக்கம் கண்ணில். கணக்கை மட்டும் போட்டுவிட்டுப் படுக்கிறேன்.

குவாண்டத்தில் சமன்பாடு நேரடியாகக் கையாள்வது நிகழ்தகவை அல்ல, வீச்சை, அதாவது குவாண்டம் அலையின் அளவை. நிகழ்தகவு என்பது வீச்சின் வர்க்கம். மாற்றம் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்கு வீச்சு நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். அப்போது நிகழ்தகவு நேரத்தின் வர்க்கமாக வளரும். சூட்சுமம் மொத்தமும் இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது.

ஒரு விநாடியில் நழுவ 100-க்கு 1 வாய்ப்பு என்று வையுங்கள். பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது பத்தில் ஒன்றாகக் குறையாது, நூறில் ஒன்றாகும். அதாவது 10,000-க்கு 1. ஒவ்வொரு தடவை விசாரித்து "இங்கேதான்" என்று பதில் வந்ததும் கணக்கு சுழியத்திலிருந்து மறுபடி தொடங்கும். பத்துத் தடவை விசாரித்தால் மொத்தம் 1000-க்கு 1. விசாரித்ததாலேயே ஆபத்து பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

கதிரியக்கத்தில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே வாய்ப்பு நேரத்துக்கு நேர்விகிதம். பத்தில் ஒரு பங்கு நேரத்தில் 1000-க்கு 1, பத்துத் தடவைக்குப் பழையபடி 100-க்கு 1. கேமரா பார்த்தாலும் ஒன்றுதான், பார்க்காவிட்டாலும் ஒன்றுதான்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? பெரிலியம் அயனிக்குப் போவதற்கு ஒரே ஒரு நிலைதான் உண்டு. சிதையும் அணுக்கருவுக்கோ ஆற்றலில் இம்மி இம்மியாக வேறுபடும் எண்ணற்ற முடிவு நிலைகள். ஒவ்வொன்றின் கட்டமும் (அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) வேறு வேகத்தில் சுழல்வதால் சீக்கிரமே ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் ஆகிவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் வர்க்கம் காணாமல் போய் நேர்விகிதம் மிஞ்சும். டிராக் 1927-இல் போட்ட கணக்கு இது. பிற்பாடு ஃபெர்மி அதற்குப் "பொன் விதி" என்று பட்டம் கட்டியதில் புகழ் முழுக்க அவர் பக்கம் போய்விட்டது.

நியாயமாகச் சொன்னால் அணுக்கருவுக்கும் ஆரம்பத்தில் அந்த வர்க்கக் காலம் உண்டு. எவ்வளவு நேரம்? வெளியாகும் ஆற்றல் மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் கணக்கில். பிளாங்க் மாறிலியை அதனால் வகுத்துப் பாருங்கள்: 10-இன் மைனஸ் 21-ஆம் அடுக்கு விநாடி, அல்லது அதற்கும் கீழே. சீசியம் 137-இன் அரை ஆயுள் 30 வருஷம். அவ்வளவு நேரமும் அந்த வேகத்தில் கண் கொட்டாமல் பார்க்கும் கேமரா எந்தக் கடையிலும் விற்பதில்லை, சிம் லிம் ஸ்குவேர் உட்பட.

பொங்கோல்வாசி, 10 பிப்ரவரி, பகல் 12.40

சிம் லிம்மில் விற்பார்கள், வாரண்டிதான் இருக்காது. சரி, கேமரா விஷயத்தில் என் வாதம் நிற்கிறது. தற்செயல் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லையே அண்ணே?

உட்லண்ட்ஸ் இரவுப்பணி, 10 பிப்ரவரி, மாலை 5.30

அதில்தான் நான் உங்களோடு மல்லுக்கு நிற்கிறேன் தம்பி. "எல்லாமே தற்செயல்" என்பது பாதிதான். யாரும் விசாரிக்காத வரை குவாண்டம் பொருள் துளியும் தற்செயல் இல்லாமல்தான் மாறுகிறது. ஷ்ரோடிங்கர் 1926-இல் எழுதிய சமன்பாட்டில் பகடைக்கே இடமில்லை. இன்றைய நிலையைக் கொடுத்தால் நாளைய நிலை ஒன்றே ஒன்றுதான் வரும். பின்னோக்கி ஓட்டி நேற்றைய நிலையையும் எடுக்கலாம்.

இன்னொன்று, எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் எனக்கே உறைக்க வெகு நாளானது: ஆற்றல் திட்டவட்டமாக உள்ள நிலை மாறுவதே இல்லை. ஹைட்ரஜனின் அடி நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரான் "சுற்றிக்கொண்டு" இருப்பதாகப் பள்ளிப் படம் காட்டும். உண்மையில் அங்கே எதுவும் நடக்கவில்லை. கட்டம் மட்டும் சுழல்கிறது, அதை எந்தக் கருவியாலும் தனியாகப் பார்க்க முடியாது. அளக்கக்கூடிய அத்தனையும் நேற்று இருந்தபடியே இன்றும்.

அப்புறம் மாற்றம் எங்கிருந்து வருகிறது? இரண்டு ஆற்றல் நிலைகள் கலந்திருந்தால் அவற்றின் கட்டங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழலும். அந்த வேக வித்தியாசம்தான் மாற்றமாக வெளியே தெரிகிறது. அமோனியா மூலக்கூறில் மூன்று ஹைட்ரஜன் ஒரு தளத்தில், நைட்ரஜன் அதற்கு ஒரு பக்கம். ஒரு பக்கம் இருக்கும் நிலை திட்டமான ஆற்றல் நிலை அல்ல, அருகருகே உள்ள இரண்டின் கலவை. அதனால் நைட்ரஜன் இப்புறமும் அப்புறமும் ஊசலாடும், விநாடிக்குச் சுமார் 2,400 கோடி தடவை. டவுன்ஸ் 1954-இல் முதல் மேசரை (லேசரின் மைக்ரோ அலை அண்ணன்) இதை வைத்துத்தான் ஓட்டினார். 1967 முதல் உலகத்தின் விநாடியே இப்படிப்பட்ட ஒரு வித்தியாசம்தான்: சீசியம் 133-இன் இரண்டு நிலைகளுக்கு இடையே 9,192,631,770 அதிர்வு.

நம்மூரிலும் இந்தத் தொழில் நடக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் 2007-இல் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறதே, அங்கே ஒரு குழு லுட்டீசியம் அயனியை வைத்துக் கடிகாரம் செய்கிறது. 95-ஆம் எண் பேருந்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம். உள்ளே விடமாட்டார்கள்.

உட்லண்ட்ஸ் இரவுப்பணி, 12 பிப்ரவரி, காலை 11.10

நேற்று தைப்பூசம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம். இன்று முதுகு பேசுகிறது. முதுகு பேசினால் எனக்கு எம்ஆர்ஐ ஞாபகம் வந்துவிடும்.

முன்பு ஒரு முறை எடுத்தார்கள். காதில் பஞ்சு, அதன் மேல் ஹெட்போன், கையில் ரப்பர் உருண்டை, பயந்தால் அமுக்கச் சொன்னார்கள். உள்ளே போனதும் யாரோ இரும்புக் கதவை உடைக்கிற மாதிரி டக் டக் டக். அந்தச் சத்தம் புரோட்டான் போடுவது இல்லை, காந்தப்புலத்தைச் சரித்துச் சரித்துவிடும் சுருள்கள் அதிர்வது. புரோட்டான்கள் சத்தமில்லாமல் வேலை பார்க்கின்றன: 3 டெஸ்லா காந்தத்தில் விநாடிக்குச் சுமார் 12 கோடியே 77 லட்சம் சுற்று. மேலே ஒரு நிலை, கீழே ஒரு நிலை, நடுவே ஆற்றல் வித்தியாசம். முந்தாநாள் சொன்ன அதே சங்கதி, உடம்புக்குள்.

அறிக்கையில் "டி2" என்று போட்டிருந்தது. படத்தில் முதுகெலும்புக்கு இடையிலுள்ள தட்டுகள் வெளிறித் தெரிய, கீழே ஒன்று மட்டும் கறுத்திருந்தது. தண்ணீர் வற்றிய தட்டு. ஈரம் குறைந்தால் அங்குள்ள புரோட்டான்களின் ஒத்திசைவு (ஒரே தாளத்தில் சுழல்வது) சீக்கிரம் செத்துவிடும், சமிக்ஞை வருவதற்குள் இருட்டாகிவிடும். ஒத்திசைவு சாகும் நேரம்தான் டி2. டாக்டர் "வயசாகிறது அங்கிள்" என்றார். எனக்கோ ஒரு குவாண்டம் அளவுகோலில் மதிப்பெண் குறைந்துவிட்ட வருத்தம்.

இதில் ஒரு வேடிக்கை. ரேடியோ துடிப்பு ஒன்று அடித்ததும் எல்லாப் புரோட்டானும் ஒரே தாளத்தில் சுழலும். காந்தப்புலம் இடத்துக்கு இடம் துளி மாறுவதால் சில முந்தும், சில பிந்தும். சமிக்ஞை மங்கி அடங்கிவிடும். போயே போச்சு என்றுதான் தோன்றும். 1950-இல் ஹான் என்பவர் கொஞ்சம் பொறுத்து இன்னொரு துடிப்பு அடித்தார். அடங்கிய சமிக்ஞை தானாக எழுந்து வந்தது.

நேற்றைய ஊர்வலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள் கோயில் வாசலில் எல்லாரும் ஒரே வேளையில் கிளம்புகிறோம். இளவட்டம் வேகமாகப் போய்விடும், என்னைப் போன்றவன் பின்தங்குவேன், கூட்டம் நீண்டுவிடும். ஒரு விசில், எல்லாரும் அப்படியே திரும்பி அதே வேகத்தில் நடக்க வேண்டும். முந்திப் போனவன் திரும்பி வர வேண்டிய தூரமும் அதிகம், நான் வர வேண்டியது குறைச்சல். ஆக எல்லாரும் ஒரே வேளையில் கோயில் வாசலில் நிற்போம். (போலீஸ் அனுமதி தராது, அது வேறு.) ஆனால் வழியில் ஒருவர் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிக்க நின்றார், இன்னொருவர் மச்சானைப் பார்த்துப் பேச்சு கொடுத்தார் என்றால், எத்தனை விசில் ஊதினாலும் அவர்கள் சேர மாட்டார்கள்.

ஒத்திசைவு கெடுவதில் இப்படி இரண்டு ரகம். முதல் ரகத்தை மீட்கலாம், ஏனென்றால் ஒவ்வொன்றும் சமன்பாட்டை ஒழுங்காகப் பின்பற்றியபடியேதான் இருந்தது, நமக்குத்தான் குழப்பமாகத் தெரிந்தது. இரண்டாம் ரகம் வெளியுலகத்தோடு வாய் கொடுத்த வகை.

ஜூரோங் பழைய மாணவர், 12 பிப்ரவரி, இரவு 8.15

எம்ஆர்ஐ-யைக் குவாண்டம் என்று ஏமாற்றாதீர்கள். புளாக் 1946-இல் எழுதிய சமன்பாடு முழுக்கப் பழைய இயற்பியல். அதை வைத்தே படம் எடுத்துவிடலாம்.

உட்லண்ட்ஸ் இரவுப்பணி, 13 பிப்ரவரி, காலை 8.50

எடுக்கலாம், மறுக்கவில்லை. காந்தப்புலத்தில் உள்ள ஒரு தற்சுழற்சியின் (புரோட்டானுக்குள் இருக்கும் குட்டிக் காந்தம் என்று வையுங்கள்) சராசரித் திசைக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாடு தரும் விடையும், பழைய இயற்பியல் தரும் விடையும் அச்சு அசல் ஒன்று. தோராயம்கூட இல்லை. கோடானுகோடி புரோட்டானின் சராசரியைக் கேட்கும் வரை வித்தியாசம் தெரியாது. ஒன்றே ஒன்றைப் பிடித்து "மேலா கீழா" என்று விசாரித்தால்தான் தெரியும். அதற்கு "சாய்ந்திருக்கிறேன்" என்று சொல்லத் தெரியாது. மேல் அல்லது கீழ், இரண்டில் ஒன்று.

இந்த ஒற்றுமையால்தான் குவாண்டம் கணினிக்காரர்களும் டி1 (ஆற்றல் வடியும் நேரம்), டி2, எதிரொலித் துடிப்பு (ஹானின் அந்த இரண்டாம் துடிப்பு) என்று எம்ஆர்ஐ பாஷையே பேசுகிறார்கள். 1999-இல் ஜப்பானில் நாகமுரா குழு மீக்கடத்திச் சுற்றில் (மின்தடையே இல்லாத பொருளால் ஆனது) முதன்முதலாக இப்படியொரு ஊசலாட்டத்தைப் பார்த்தபோது அது சில நானோவிநாடிதான் தாங்கியது. இன்று நூற்றுக்கணக்கான மைக்ரோவிநாடி சாதாரணம்.

எங்கள் வேஃபர் தொழிற்சாலையில் ஒரு தூசி விழுந்தாலே கூட்டம் போட்டுக் காரணம் கேட்பார்கள். குவாண்டம் கணினியில் ஒரு ஃபோட்டான் கசிந்தாலே கதை முடிந்தது.

உட்லண்ட்ஸ் இரவுப்பணி, 16 பிப்ரவரி, இரவு 10.30

ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, சாப்பிட்டது ஜீரணமாகவில்லை. சுதர்சனைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விட மனசில்லை.

விடாமல் கவனித்தால் மாற்றம் நின்றுவிடும் என்பதைக் கணிதத்தில் நிறுவி, ஸீனோவின் பெயரைச் சூட்டியவர்கள் மிஸ்ராவும் சுதர்சனும், 1977-இல். ஸீனோ யாரென்றால், பறக்கும் அம்பு எந்தக் கணத்தில் பார்த்தாலும் நிற்கிறதே என்று வம்பு பண்ணிய கிரேக்கர். கணினி முன்னோடி டூரிங்கும் 1954-லேயே இதைக் கவனித்துவிட்டார். ஆனால் முறையாகச் செய்தது நம் ஆட்கள். சுதர்சன் கோட்டயத்துக்காரர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர், 80-களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். அவர் நெடுங்காலம் வேலை பார்த்த டெக்சாஸ் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில்தான் 1997-இல் ரைசன் குழு, ஒளியால் கட்டிய குழிகளிலிருந்து குளிர்ந்த சோடியம் அணுக்கள் தப்பிப்பதை அளந்து, ஆரம்ப மைக்ரோவிநாடிகளில் அது வழக்கமான சிதைவு விதியை மீறுவதைக் காட்டியது. 2001-இல் இன்னொன்றும் காட்டினார்கள், மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்: விசாரிக்கும் இடைவெளியைக் கொஞ்சம் மாற்றினால் தப்பித்தல் குறைவதற்குப் பதில் கூடிவிடும். பார்த்தால் நின்றுவிடும் என்பது பொது விதி இல்லை. எப்போது பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முன்பு சொன்ன இரண்டாம் ரகம், வெளியுலகத்துக்குக் கசிவது, அதற்கும் ஒரு சமன்பாடு உண்டு. 1976-இல் லிண்ட்பிளாட் தனியாகவும், கோரினி, கோசகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும் தனியாகவும் கண்டுபிடித்தது. எம்ஆர்ஐ-யின் டி2-வும் கணினியின் டி2-வும் அதற்குள் அடக்கம். விசாரணை என்பதையே கசிவின் ஒரு வகையாக அதில் எழுதிவிடலாம்: அயனி தன் நிலையை லேசர் ஒளியிடம் உளறிவிடுகிறது. ஆய்வாளர் அந்த ஒளியைப் பார்த்தாரா, டீ குடிக்கப் போய்விட்டாரா என்பது பற்றி அயனிக்குக் கவலை இல்லை. "மனித மனம் பார்ப்பதால் மாறுகிறது" என்று வாட்ஸ்அப்பில் வருவதைக் கையோடு அழித்துவிடுங்கள்.

சுதர்சனுக்கு நோபல் கொடுக்கவில்லை. 2005-இல் ஒளியியலுக்காகக் கிளாபருக்குக் கொடுத்தபோது தன் பங்கு விடுபட்டுவிட்டது என்று வெளிப்படையாகவே எழுதினார். 2018-இல் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொங்கோல்வாசி, 17 பிப்ரவரி, காலை 7.55

எம்ஆர்டியில் நின்றபடி படித்தேன். கசிவு வரை சரி. ஆனால் கடைசியில் மேலா கீழா என்று ஒன்றுதானே வருகிறது, அது எது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

உட்லண்ட்ஸ் இரவுப்பணி, 17 பிப்ரவரி, காலை 9.40

அதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட பதில் இன்றுவரை இல்லை. கசிவுச் சமன்பாடு வாய்ப்புகளின் பட்டியலைத் தரும், அதில் எது விழும் என்று சொல்லாது. பகடை உருளும் இடம் அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் பகடை என்று சொல்லாதீர்கள், அவ்வளவே என் வழக்கு.

உட்லண்ட்ஸ் இரவுப்பணி, 8 அக்டோபர், மாலை 4.15

தூங்கிக்கிடந்த இழையை எழுப்புகிறேன். நேற்று இயற்பியல் நோபல் கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவருக்கும். 1984, 85-இல் பெர்க்லியில் செய்த சோதனைகள். மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய மின்காப்புப் படலம், கையில் பிடிக்கிற அளவு சில்லு. அதில் மின்னழுத்தமே இல்லாத நிலையில் சுற்று மாட்டிக்கொண்டிருக்கும், திடீரென்று ஆற்றல் சுவரை ஊடுருவித் தப்பி வெளியே வரும், மின்னழுத்தம் தோன்றும். ஆல்ஃபா துகள் அணுக்கருவிலிருந்து தப்பிப்பதும் இதே ஊடுருவல்தான். தப்பிக்கும் வீதத்தை அளந்தார்கள், மைக்ரோ அலை காட்டி உள்ளே ஆற்றல் நிலைகள் படிப்படியாக இருப்பதையும் நிரூபித்தார்கள்.

பொங்கோல்வாசி, 8 அக்டோபர், இரவு 9.30

மகள் கேட்கச் சொன்னாள்: அந்தத் "திடீரென்று" எவ்வளவு திடீர்? ஏ நிலைத் தேர்வு நெருங்குகிறது, இப்போதுதான் இவளுக்கு இந்த ஆராய்ச்சி.

உட்லண்ட்ஸ் இரவுப்பணி, 9 அக்டோபர், காலை 9.15

நல்ல கேள்வி, போர் மூட்டிய கேள்வி. 1926-இல் கோபன்ஹேகனுக்குப் போன ஷ்ரோடிங்கர் இதற்காகவே, தாவல் உண்டு என்ற நீல்ஸ் போரோடு சண்டை போட்டார். தாவல் என்று ஒன்று இருப்பதையே அவர் ஏற்கவில்லை. 1986-இல் மூன்று குழுக்கள் தனி அயனி ஒன்று ஒளிர்வதும் சட்டென்று அணைவதுமாக இருப்பதைக் கண்ணாரக் கண்டன, நீல்ஸ் போர் ஜெயித்த மாதிரி இருந்தது.

2019-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மைனெவ், டெவோரே குழு (நேற்றைய டெவோரேதான்) மூன்று நிலைச் செயற்கை அணு ஒன்றைச் செய்து உற்றுப் பார்த்தது. தாவல் நிகழப்போகிறது என்பதற்கு ஒரு சின்ன மௌனம் முன்னறிவிப்பாக வந்தது: வழக்கமாக வந்துகொண்டிருந்த சமிக்ஞைகள் நின்றன. அதன் பிறகு சில மைக்ரோவிநாடிகளில் அணு ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு வழுக்கிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே பாதையில் போனது. பாதியில் மறித்துத் திருப்பியும் அனுப்பினார்கள். எப்போது கிளம்பும் என்பது தற்செயல். கிளம்பிவிட்டால் போகும் வழி தற்செயல் இல்லை.

தேர்வுத் தாளில் இதில் ஒரு வரிகூட வராது என்று சொல்லிவிடுங்கள். ஒளிமின் விளைவைப் படிக்கட்டும்.